சிங்கப்பூர் சமரச உடன்படிக்கை

வெவ்வேறு நாடுகளில் தொழில் நடத்தும் வணிகர்கள், சமரசர் ஒருவரின் துணையோடு எழுதிக்கொள்ளும் தீர்வு ஒப்பந்தத்துக்குச் சட்ட வலுவூட்டும் ஐ.நா. உடன்படிக்கை. 2018 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை இதை ஏற்றது. 2019 ஆகஸ்ட் 7 அன்று சிங்கப்பூரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டபோது அமெரிக்கா, சீனா, இந்தியா, இலங்கை உட்பட 46 நாடுகள் ஒப்பமிட்டன. 2020 செப்டம்பர் 12இல் நடைமுறைக்கு வந்தது.

சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் பேசவைத்து, அவர்களே முடிவுக்கு வர உதவுகிறார். செலவும் காலமும் மிச்சமாகும், வணிக உறவும் முறியாது. ஆனால் இந்த உடன்படிக்கைக்கு முன் அந்த முடிவு வெறும் ஒப்பந்தமாகவே இருந்தது. எதிர்த்தரப்பு பணம் தர மறுத்தால், ஒப்பந்த மீறல் என்று அயல்நாட்டு நீதிமன்றத்தில் புதிதாக வழக்குத் தொடர வேண்டியிருந்தது. நடுவர் தீர்ப்புகளை அயல்நாட்டில் நிறைவேற்றவோ 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை துணை நின்றது. அதன் பயனைப் பெறுவதற்காகவே, சமரசம் முடிந்த பிறகு ஒரு நடுவரை அமர்த்தி, பேசி முடித்ததையே தீர்ப்பாக எழுதி வாங்கும் வழக்கமும் உருவானது. சண்டை தீர்ந்த பின் நடுவருக்கு என்ன வேலை என்ற கேள்வி அந்தத் தீர்ப்புகளின் மீது விழுந்தது. 2014இல் அமெரிக்கா முன்மொழிய, ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் புதிய உடன்படிக்கையை வரைந்தது.

இதன்படி, தரப்பினர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தையும், அது சமரசத்தில் விளைந்தது என்பதற்கான சான்றையும் நீதிமன்றத்தில் காட்டினால் போதும். சமரசரின் கையொப்பமே சான்றாகும். நுகர்வோர், குடும்பம், வாரிசுரிமை, வேலைவாய்ப்புத் தகராறுகள் இதில் அடங்கா. ஒப்பந்தம் செல்லாதது, பொதுக்கொள்கைக்கு முரணானது என்பன போன்ற சில காரணங்களுக்காக நீதிமன்றம் அதை நிறைவேற்ற மறுக்கலாம். இவற்றுள் சிக்கலானது சமரசரின் கடுமையான நெறிமீறல். அதை மெய்ப்பிக்க, இரகசியம் காப்பதாக உறுதியளித்து நடந்த பேச்சையே நீதிமன்றத்தில் திறந்துகாட்ட நேரும்.

இலங்கை 2024இல் தனிச் சட்டம் இயற்றி ஒப்புறுதியும் அளித்தது. இந்தியா 2023இல் சமரசச் சட்டம் கொண்டுவந்தது. அது இந்தியாவில் நடக்கும் சமரசத்துக்கே பொருந்தும். உடன்படிக்கைக்கு 2025 நடுப்பகுதி வரை இந்தியா ஒப்புறுதி அளிக்கவில்லை. ஒப்பந்தம் எந்த நாட்டில் எழுதப்பட்டது, தரப்பினர் எந்த நாட்டவர் என்று இவ்வுடன்படிக்கை பார்ப்பதில்லை. ஆகவே சென்னை ஏற்றுமதியாளர் தம் சமரச ஒப்பந்தத்தைச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் இதன்வழி நிறைவேற்றிக்கொள்ளலாம். அங்கே எழுதிய ஒப்பந்தத்தோடு சென்னைக்கு வரும் சிங்கப்பூர் வணிகருக்கு, இந்தியா ஒப்புறுதி அளிக்காத வரை, அந்த வழி இல்லை, பழையபடி வழக்குத்தான்.