தண்ணீர்க் கட்டண உயர்வு: கடைக்காரர்கள் சமாளிக்க 15 விழுக்காட்டுக் கணக்கு

சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் வர்த்தகங்கள் ஒரு கன மீட்டர் (1,000 லிட்டர்) தண்ணீருக்கு $3.24 கட்டுகின்றன. 2024 மார்ச் வரை அது $2.74 ஆக இருந்தது. முதலில் 20 காசு, ஓராண்டு கழித்து 30 காசு என மொத்தம் 50 காசு ஏறியுள்ளது.

வீவக குடும்பங்களுக்கு யு-சேவ் தள்ளுபடி கைகொடுக்கிறது. கடைகளுக்கு அது கிடையாது. மாதம் 300 கன மீட்டர் பயன்படுத்தும் ஓர் உணவகம் முன்பு $822 கட்டியிருக்கும்; இப்போது $972 கட்ட வேண்டும். ஆண்டுக்கு $1,800 கூடுதல் செலவு. பொருள், சேவை வரி தனி.

அதே உணவகம் மாதம் 46 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 விழுக்காடு, குறைத்துப் பயன்படுத்தினால் கட்டணம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். எந்தக் கடைக்கும் இந்த விகிதம் பொருந்தும்.

*கட்டணத்தில் அடங்குபவை*

$3.24இல் மூன்று பகுதிகள் உள்ளன. தண்ணீரின் விலை $1.43. அதில் 50 விழுக்காடு தண்ணீர் சேமிப்பு வரி. கழிவுநீரை அகற்றிச் சுத்திகரிப்பதற்கான கட்டணம் $1.09. குழாயில் வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் இம்மூன்றும் சேர்ந்தே கணக்கிடப்படுகின்றன.

எரிசக்தி, ரசாயனம், கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றின் செலவு கூடியதே உயர்வுக்குக் காரணம் எனப் பொதுப் பயனீட்டுக் கழகம் தெரிவித்தது. மழைநீர், ஜோகூர் நீர் ஆகியவற்றுடன் புதுநீரையும் கடல்நீரிலிருந்து பெறும் குடிநீரையும் நாடு நம்பியுள்ளது. கடைசி இரண்டையும் உற்பத்தி செய்ய மின்சாரம் அதிகம் தேவை. 2065க்குள் நாட்டின் தண்ணீர்த் தேவை ஏறத்தாழ இரு மடங்காகும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

*முதல் வேலை: கசிவைக் கண்டுபிடிப்பது*

இரவு கடையை மூடியதும் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளலாம். காலையில் குழாயைத் திறக்கும் முன் மீண்டும் பார்க்க வேண்டும். எண் நகர்ந்திருந்தால், ஐஸ் இயந்திரம்போல் இரவிலும் தானாக நீர் எடுக்கும் கருவி எதுவும் இல்லாத பட்சத்தில், எங்கோ கசிவு இருக்கிறது.

நிமிடத்திற்கு ஒரு லிட்டர் கசிந்தால் நாளுக்கு 1,440 லிட்டர் வீணாகும். மாதக் கணக்கில் 43 கன மீட்டர், ஏறத்தாழ $140. விலையேற்றத்தை ஏறத்தாழ ஈடுகட்டும் தொகை இந்த ஒரு கசிவிலேயே போய்விடுகிறது.

கழிப்பறைத் தொட்டியில் கசிவு சத்தமில்லாமல் நடக்கும். தொட்டியில் சில துளி உணவுச் சாயம் விட்டு, கால் மணி நேரம் தண்ணீர் இறைக்காமல் வைத்தால் தெரிந்துவிடும். கழிவுக்கலத்தில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடைப்பானை மாற்ற வேண்டும்.

*சமையலறையில்*

உறைந்த இறைச்சியை ஓடும் தண்ணீரில் வைத்து இளக்குவது பல சமையலறைகளில் வழக்கம். நிமிடத்திற்கு 10 லிட்டர் வரும் குழாயை அரை மணி நேரம் திறந்துவைத்தால் நாளுக்கு 300 லிட்டர், மாதம் 9 கன மீட்டர் போகும். முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவைத்தால் இந்தச் செலவே இல்லை. உணவுப் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.

பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாய்க்கு நிமிடத்திற்கு 6 லிட்டர் போதும். குழாய் வாயில் பொருத்தும் சிறு நீரோட்டக் கட்டுப்பாட்டு வளையம் அதற்கு உதவும். நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடும் குழாயில் 10 லிட்டரை 6 ஆகக் குறைத்தால் மாதம் 21 கன மீட்டருக்கு மேல் மிச்சம், அதாவது ஏறத்தாழ $70. மேற்சொன்ன 9 கன மீட்டரையும் சேர்த்தால், எட்ட வேண்டிய 46 கன மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும்.

குழம்புச் சட்டி, பிரியாணி அண்டா போன்றவற்றை முதலில் வழித்தெடுத்து, ஊறவைத்துப் பின்னர் தேய்த்தால் தண்ணீரும் நேரமும் மிச்சம். வாழையிலையில் பரிமாறும் உணவகங்களுக்குத் தட்டு கழுவும் செலவு ஏற்கெனவே குறைவு. அங்கு பெரிய பாத்திரங்களில்தான் கவனம் வேண்டும். வெந்நீரைக் குறைத்தால் எரிவாயு அல்லது மின்கட்டணமும் குறையும்.

கை கழுவுவதிலும் காய்கறி அலசுவதிலும் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது.

*மற்ற கடைகள்*

முடிதிருத்தகங்களில் விரலால் அழுத்தும்போது மட்டும் நீர் வரும் கைத்தெளிப்பான் பயன்படும். சலவைக் கடைகள் இயந்திரம் நிறைந்த பிறகே ஓட்டலாம். புதிய குழாயோ சலவை இயந்திரமோ வாங்கும்போது நீர்ச் சிக்கன முத்திரையைப் பார்க்க வேண்டும். சரிக்குறிகள் கூடக்கூட நீர்ச் செலவு குறையும்.

காப்பிக்கடையிலோ கடைத்தொகுதியிலோ வாடகைக்கு இருப்பவர்கள் தண்ணீர்க் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் சேமிப்பவருக்குப் பலன் இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தனி மீட்டர் கேட்பது நல்லது.

*பெரிய நிறுவனங்கள்*

ஆண்டுக்கு 60,000 கன மீட்டர் அல்லது அதற்கு மேல் பயன்படுத்துவோர் தங்கள் நீர்ப் பயன்பாட்டு விவரங்களையும் சேமிப்புத் திட்டத்தையும் ஆண்டுதோறும் கழகத்திடம் சமர்ப்பிக்க வேண்டும். நீரை மறுபயனீடு செய்யும் திட்டங்களுக்குக் கழகத்தின் நீர்ச் சிக்கன நிதியிலிருந்து உதவி கோரலாம்.

சிறிய கடைக்கு அவ்வளவு தேவையில்லை. வாரம் ஒருமுறை மீட்டர் எண்ணைக் குறித்துவைக்க ஓர் ஊழியரைப் பொறுப்பாக்கினால் போதும். வியாபாரம் கூடாத வாரத்தில் எண் மட்டும் கூடினால், கட்டண ரசீது வரும்வரை காத்திராமல் அன்றே காரணத்தைத் தேடலாம்.