கப்பல் பதிவேட்டிலிருந்து கிராமக் கணக்குக்கு: நேட்டால் தமிழரின் குடும்ப வரலாற்றுத் தேடல்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த 342 பேரின் பெயர்களும் ஒரு பேரேட்டில் ஏறின. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் விழுந்தது. தாயின் இடுப்பில் வந்த கைக்குழந்தைக்கும் தனி எண் உண்டு. 1911இல் ஒப்பந்தக் குடியேற்றம் நிறுத்தப்பட்டபோது அந்த எண் 1,52,184ஐ எட்டியிருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள்.

கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வைக்க எழுதிய இந்தப் பேரேடே இன்று நாலாம், ஐந்தாம் தலைமுறையினர் தங்கள் பூர்விகத்தைத் தேடக் கையில் எடுக்கும் முதல் ஆவணம். அது அப்படி ஆனது எவ்வாறு, தேடல் தமிழ்நாட்டுக் கரையைத் தொட்டதும் ஏன் தடுமாறுகிறது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

பேரேட்டின் ஒரு வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். காலனி எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளி என்று கட்டங்கள் போகின்றன. எல்லாக் கப்பல்களுக்கும் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்படவில்லை. உடல் அடையாளக் கட்டத்தில் நெற்றித் தழும்பு, கன்னத்து மச்சம், அம்மை வடு போன்றவை இருக்கும். ஆளை மாற்றாமல் இருக்கவும், தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துவரவும் வேண்டி எழுதப்பட்ட குறிப்புகள் அவை. புகைப்படம் ஒன்றுகூட இல்லாத ஒரு கொள்ளுப்பாட்டியைப் பற்றி, அவர் எத்தனை உயரம், முகத்தில் எங்கே தழும்பு என்று சொல்லும் ஒரே சாட்சியும் பெரும்பாலும் அதுதான். எழுதியவனின் நோக்கத்தை அறிந்தே அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் படித்தே ஆக வேண்டும்.

1866இல் ஆள் அனுப்புவது நின்றது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தையும் அதன்பின் அங்கே தங்கும் காலத்தையும் முடித்து ஊர் திரும்பியவர்கள், கூலி பாக்கி, சவுக்கடி என்று சென்னையில் முறையிட்டனர். 1872இல் நேட்டால் அரசு விசாரணைக் குழு அமைத்தது. இந்தியக் குடியேறிகளுக்கென ஒரு பாதுகாவலர் பதவி உருவானது. 1874இல் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ஆவண வரலாற்றில் இது பெரிய திருப்பம். பாதுகாவலர் அலுவலகம் திருமணம், பிறப்பு, இறப்பு, முறையீடு எல்லாவற்றிலும் காலனி எண்ணையே கேட்டது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மேல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தபோது இந்த எழுத்துவேலை இன்னும் பெருகியது. முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி வாங்கியவர்களுக்கு அந்தத் தொகை ஆறு மாதச் சம்பளம். 1914இல் வரி ஒழிந்தது. அதை வசூலிக்கச் சேர்த்த தாள்கள் மிஞ்சின.

ஆகவே நேட்டால் குடும்ப ஆய்வில் பெயரைவிட எண்ணையே நம்ப வேண்டும். ஒரே முனியம்மாளை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தந்தை பெயரோ பட்டப்பெயரோ பிற்காலத்தில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அண்ணன் பிள்ளைகள் நாயுடுவாகவும் தம்பி பிள்ளைகள் முனுசாமியாகவும் பதிவாகியிருக்கக் கூடும். சாதிக் கட்டமும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று; ‘மலபார்’, ‘ஜென்டூ’ என்று மொழியையும் வட்டாரத்தையும் குறிக்கும் சொற்கள்கூட அதில் உண்டு. எண் அப்படி மாறுவதில்லை. பாட்டனின் பிறப்புச் சான்றில் பெற்றோரின் எண் இருந்தால் நேரே கப்பலுக்குப் போய்விடலாம். போனதும் அந்த ஒரு வரியோடு நிற்காமல் மேலும் கீழும் பத்துப் பதினைந்து வரிகளையாவது பார்ப்பது நல்லது. ஒரு குடும்பத்தார் அடுத்தடுத்த எண்களில் வருவது வழக்கம். ஒரே தாலுகாவிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்களும் பல நேரம் அருகருகே இருப்பார்கள்.

இந்தப் பேரேடுகள் ஆய்வாளர் கைக்கு வந்ததற்கு டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வரலாற்றாசிரியர் ஜாய் பிரெய்ன் கப்பல் பட்டியல்களை வரிவரியாகப் பெயர்த்தெழுதும் பணியில் முன்நின்றார். சுரேந்திர பானா அவற்றை அடிப்படையாகக் கொண்டு 1991இல் நூல் வெளியிட்டார். பெயர்த்தெழுதிய தரவை இன்று குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தின் வழியாக இணையத்திலேயே தேடலாம். தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகங்களின் ‘நாய்ர்ஸ்’ அட்டவணை, இறந்தவரின் சொத்துக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். அந்தக் கோப்பிலுள்ள இறப்பு அறிவிப்பில் பிறந்த இடம், பெற்றோர், மனைவி, பிள்ளைகள் என்று ஒரு தலைமுறையே கிடைக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் தென்னாப்பிரிக்கப் பதிவுகள் பலவற்றின் படிமங்களை இலவசமாகப் பார்க்கலாம். கையில் காசு கொண்டு சொந்தச் செலவில் போன வணிகர்களுக்குக் காலனி எண் கிடையாது. அவர்களின் சந்ததியார் சொத்துக் கோப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜில்லா, தாலுகா, கிராமம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அடுத்த தடை எல்லை மாற்றம். பேரேட்டில் ‘வடஆர்க்காடு’ என்றிருப்பது இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். 1911இல் சித்தூர் மாவட்டத்தோடு போன பகுதியாகவும் இருக்கலாம். பழைய சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும், தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரியும் பிரிந்தன. புதூர், நல்லூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள். தாலுகா பெயரை விட்டுவிட்டுக் கிராமத்தை மட்டும் கூகுள் வரைபடத்தில் தேடுவோர் வேறு ஊர்க் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பும் அபாயம் இதனால்தான். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய மாவட்டக் கையேடுகளையும் நிலவரித் திட்டப் பதிவேடுகளையும் பார்த்து, அன்றைய தாலுகாவுக்குள் அந்தக் கிராமத்தை நிறுத்திய பிறகே பயணச்சீட்டு வாங்க வேண்டும்.

வந்தவர்கள் வழக்கமாகப் போவது கிராம நிர்வாக அலுவலரிடம். சிட்டா, அடங்கல், பழைய ‘அ’ பதிவேடு எல்லாம் நிலத்தின் கணக்கு. பட்டாதாரரின் பெயர்தான் அவற்றில் இருக்கும். நேட்டாலுக்குப் போனவர்களில் கணிசமானோர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள், பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பட்டாவில் பெயர் இல்லை என்பதை வைத்து ‘ஊர் தவறு’ என்று கைவிடுவது, அன்றைய நிலவுடைமையின் அநியாயத்தை இன்றைய ஆய்விலும் தொடர்வதாகும். கிறிஸ்தவக் குடும்பமாயின் மிஷன் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும். மற்றவர்களுக்கு டர்பனில் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்லும் குலதெய்வத்தின் பெயர் உதவக்கூடும். அந்தத் தெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று ஊரில் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது அலுவலகத்தோடு நின்றுவிடாமல் சேரிக்கும் போய், அங்குள்ள வயதானவர்களோடு உட்கார்ந்து, பேரேட்டில் உள்ள தந்தை பெயரை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.