இலங்கையின் பணவீக்கம்: வீதம் இறங்கியும் விலை இறங்காதது ஏன்?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி இலங்கையின் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். 2025 பெப்ரவரியில் அதே வீதம் பூச்சியத்துக்கும் கீழே, மறை 4.2 சதவீதம் வரை இறங்கியது. அப்படியானால் கடைக்கணக்கு ஏன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பணவீக்க வீதம் விலையைக் காட்டுவதில்லை. கடந்த ஆண்டு இதே மாதத்தைவிட விலை எவ்வளவு மாறியது என்பதையே காட்டுகிறது. 2021இன் சராசரி விலையை 100 என்று வைத்தால், 2025இல் சுட்டெண் 190ஐ அண்மித்து நின்றது. அன்று 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு 2025இல் ஏறத்தாழ 1,900 ரூபா வேண்டியிருந்தது. மறை 4.2 என்பது இந்த ஏற்றத்தில் ஒரு சிறு சறுக்கல் மட்டுமே. அதுவும் பெரும்பாலும் மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைக்கப்பட்டதால் வந்தது.

நாட்டுக்கு விலையேற்றம் புதிதல்ல. 1980இல் 26 சதவீதம், 2008 நடுப்பகுதியில் 28 சதவீதத்தைத் தாண்டியது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக ஒற்றை இலக்கம். அந்த அமைதி குலைந்ததற்குப் பல காரணங்கள். 2019 இறுதியில் வற் வரி 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டது. கொரோனாவில் சுற்றுலா வருமானம் நின்றது. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட, விளைச்சல் விழுந்தது. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது.

வளைகுடாவில் ஒருவர் உழைக்கும் குடும்பம் ஓரளவு தப்பியது. அனுப்பும் ரியாலுக்கு ரூபா கூடுதலாகக் கிடைத்தது. உள்ளூர்ச் சம்பளத்தில் இருந்தவர்களும், ஹஜ்ஜுக்கென்றோ மகளின் திருமணத்துக்கென்றோ ரூபாவாகச் சேர்த்து வைத்தவர்களும்தான் அடிபட்டார்கள். (ஸகாத்தின் நிஸாப் தங்கம், வெள்ளியின் எடையில் அமைந்தது. எனவே சில ஆண்டுகளுக்கு முந்திய ரூபாத் தொகையை வைத்துக் கணக்குப் பார்ப்பது பிழையாகும்.)

வட்டி வீதங்களைக் கடுமையாக உயர்த்தியதும், வரிகளைக் கூட்டியதும், 2023 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்ட சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டமும் சேர்ந்து வீதத்தை அடக்கின. அதே ஆண்டின் புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசின் செலவுக்காகப் பணம் அச்சிடுவதைத் தடுக்கிறது. என் பார்வையில் நீண்டகாலத்துக்கு இதுவே முக்கியமான மாற்றம். இலக்கு 5 சதவீதம். அதிலிருந்து இரண்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் தொடர்ந்து இரு காலாண்டுகள் விலகினால் மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு விளக்கமளிக்க வேண்டும்.

2025 ஓகஸ்டில் வீதம் மீண்டும் நேர்ப்பக்கம் வந்து 1.2 சதவீதமானது. அதன்பின் அது மெல்ல 5ஐ நோக்கிப் போக வேண்டும் என்பதே திட்டம். வெள்ளம், உலக எண்ணெய் விலை, டொலர் கையிருப்பு ஆகிய மூன்றும் அதைக் குழப்பக்கூடியவை. 2028இலிருந்து வெளிநாட்டுக் கடன் தவணைகளும் கனக்கத் தொடங்கும். எல்லாம் திட்டப்படி நடந்து 5 சதவீதத்திலேயே நின்றாலும், 2025இல் 1,900 ரூபாவான அந்தச் சாமான்களுக்கு ஏறத்தாழ 14 ஆண்டுகளில் 3,800 ரூபா கொடுக்க வேண்டியிருக்கும்.