பள்ளியிலேயே கல்லூரிப் பாடம்: ஓர் அமெரிக்க வரலாறு

கற்றதையே மீண்டும் கற்கச் செய்வது மாணவனின் காலத்துக்கு இழைக்கும் தீங்காகும். கற்கும் ஆற்றல் இருந்தும் வாய்ப்பளிக்காது விடுவது அதனினும் பெருந்தீங்காகும். இவ்விரு தீங்குகளுள் முன்னதை நீக்குவதற்காக அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு கல்வி முயற்சி எழுந்தது. உயர்நிலைப்பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிக்குரிய பாடங்களைக் கற்று, அவற்றுக்கான மதிப்பைப் பெறலாம் என்பதே அம்முயற்சி. காலப்போக்கில் அது பின்னதையும் எதிர்கொள்ள நேர்ந்தது. அந்த வரலாறு ஆசிரியர்கள் அறியத் தக்கது.

எல்லைக்கோடு

அமெரிக்க மாணவர் பன்னிரண்டாம் வகுப்புவரை பள்ளியில் பயின்று, பின்னர் நான்காண்டு கல்லூரியில் சேர்வது வழக்கம். நாம் அறிந்த ஆறாம் படிவம் போன்ற இடைப்படி அங்கு இல்லை. கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' எனப்படும் மதிப்பலகு உண்டு. வாரம் மூன்று மணி நேரம் நடைபெறும் ஒரு பருவப் பாடத்துக்குப் பொதுவாக மூன்று அலகுகள் கிடைக்கும். ஏறத்தாழ 120 அலகுகள் சேர்ந்தால் இளங்கலைப் பட்டம் கைகூடும்.

பள்ளிக் கல்வியையும் இவ்வாறு அளக்கும் வழக்கத்தைப் பரப்பியது கார்னகி அறநிலையம். 1906ஆம் ஆண்டு அது கல்லூரிப் பேராசிரியர்க்கு ஓய்வூதியம் வழங்க முற்பட்டபோது ஒரு நிபந்தனையை விதித்தது. உயர்நிலைப்பள்ளியில் 14 அலகுகள் முடித்தோரையே கல்லூரிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. ஒரு பாடத்தை ஓராண்டுக் காலம், சுமார் 120 மணி நேரம் பயில்வது ஓர் அலகு. இவ்வேற்பாட்டினால் கல்வித் தரத்தில் ஓர் ஒழுங்கு பிறந்தது. ஆயினும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே உறுதியான எல்லைக்கோடும் விழுந்தது. கோட்டுக்கு இப்பால் மாணவன் எவ்வளவு கற்றிருப்பினும், அப்பால் சென்றதும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டியவனானான்.

பன்னிரு கல்லூரிகளின் துணிவு

கொரியப் போர் நடைபெற்ற காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றியது. இளைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டனர். படிப்பில் வீணாகும் ஒவ்வோர் ஆண்டும் நாட்டுக்கு இழப்பு எனக் கல்வியாளர் கருதினர். ஃபோர்டு அறநிலையம் 1951இல் நிறுவிய கல்வி வளர்ச்சி நிதியம் இரண்டு ஆய்வுகளுக்குப் பொருளுதவி செய்தது.

ஒன்றில் ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் ஆகிய மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் பங்கு கொண்டன. பள்ளியில் கற்றவற்றையே கல்லூரியில் மாணவர் திரும்பக் கற்கின்றனர் என்று அது கண்டது. மற்றோர் ஆய்வுக்குக் கென்யான் கல்லூரியின் தலைவர் கார்டன் கீத் சால்மர்ஸ் வழிகாட்டினார். பன்னிரண்டு கல்லூரிகள் அதில் இணைந்தன. கல்லூரித் தரத்தில் பாடம் நடத்தும் பள்ளிகளின் மாணவரைத் தேர்வில் சோதித்து, தேறியோரை மேல்நிலையில் அமர்த்த அவை ஒப்பின.

பள்ளி ஆசிரியரால் கல்லூரிப் பாடத்தை நடத்த இயலுமா என்ற ஐயம் பலர்க்கு இருந்தது. 1954இல் தேர்வு நடைபெற்றபோது, ஒப்பீட்டுக்காகக் கல்லூரி முதலாண்டு மாணவர்க்கும் அதே வினாத்தாள்கள் கொடுக்கப்பட்டன. பள்ளி மாணவர் பின்தங்கவில்லை. கல்லூரி வாரியம் இத்திட்டத்தை 1955இல் ஏற்றுக்கொண்டது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்னும் பெயரில் 1956ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைபெற்ற தேர்வில் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர் அமர்ந்தனர்.

மறு ஆண்டு சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியது. அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சம் அமெரிக்கரைப் பற்றியது. இச்சூழல் திட்டத்துக்கு உரமாயிற்று.

இத்தேர்வின் ஒரு சிறப்பு ஆசிரியர்க்கு உவப்பளிப்பதாகும். கட்டுரை விடைகளைப் பள்ளி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் ஒன்றுகூடித் திருத்துகின்றனர். 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. 3 பெற்றவர் தகுதி உடையவர் எனக் கருதப்படுகிறார். அதற்கு அலகு வழங்குவதும் வழங்காததும் அந்தந்தக் கல்லூரியின் உரிமை.

கார்ஃபீல்டு பள்ளியின் சான்று

செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து பிறந்த திட்டம் நெடுங்காலம் அத்தகைய பள்ளிகளுக்கே பெரும்பயன் தந்தது. ஏழைப் பகுதிப் பள்ளிகளில் இப்பாடங்கள் அரிதாயிருந்தன. அம்மாணவர்க்கு இவை எட்டாதவை என்ற எண்ணமே அங்குத் தடையாக நின்றது.

அவ்வெண்ணத்தை உலுக்கியவர் ஹைமே எஸ்கலான்டே. பொலிவியாவில் ஆசிரியராக இருந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், அங்கு உணவகத்தில் வேலை செய்தவாறே ஆங்கிலம் பயின்று, மீண்டும் பட்டம் பெற்றார். 1974இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப்பள்ளியில் பணியேற்றார். மாணவர் பெரும்பாலும் மெக்சிக வழியினரான உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். சில ஆண்டுகளில் அவர் நுண்கணித வகுப்பைத் தொடங்கினார்.

1982ஆம் ஆண்டு அப்பள்ளியின் 18 மாணவர் நுண்கணிதத் தேர்வில் தேறினர். அவர்களுள் 14 பேரின் விடைகளில் ஒற்றுமை காணப்பட்டதாகக் கூறித் தேர்வமைப்பு ஐயம் எழுப்பியது. நேர்மையாகத் தேறியவர் என்று நிறுவ அவர்களுக்கு மறுதேர்வே வழியாயிற்று. 12 பேர் மீண்டும் எழுதினர், பன்னிருவரும் தேறினர். 1988இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்ற திரைப்படம் இந்நிகழ்ச்சியை உலகறியச் செய்தது.

திரைப்படத்தைப் பார்த்தோர் ஓர் ஆண்டின் அற்புதம் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. நுண்கணிதத்துக்கு முன் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எனும் படிகள் ஒழுங்காக அமைய வேண்டியிருந்தது. விடுமுறைக் காலத்திலும் வகுப்புகள் நடந்தன. தலைமையாசிரியர் ஹென்றி கிரடியாஸ் துணை நின்றார். எஸ்கலான்டே 1991இல் அப்பள்ளியை விட்டு நீங்கியபின் தேறியோர் தொகை சரிந்தது. ஓர் ஆசிரியரின் உழைப்பால் எழுந்தது, அவர் சென்றபின்னும் நிலைக்க நிறுவனத்தின் ஆதரவு வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

தேர்வில்லாத வழி

ஒரே நாளில் எழுதும் தேர்வைக்கொண்டு ஓராண்டுக் கல்வியை அளக்கலாமா என்ற வினாவுக்கு விடையாக வேறொரு முறையும் வளர்ந்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955லேயே தன் பாடங்களைப் பள்ளி ஆசிரியரைக்கொண்டு பள்ளியிலேயே நடத்தத் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்திலுள்ள சிரகியூஸ் பல்கலைக்கழகம் எழுபதுகளின் தொடக்கத்தில் அவ்வழியில் சென்றது. இம்முறையில் மாணவர் பாடத்தை முடித்துத் தேறினாலே அலகு உண்டு. மின்னசோட்டா மாநிலம் 1985இல் மேலும் ஒருபடி சென்றது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அரசுச் செலவில் கல்லூரிக்கே சென்று பயில அது சட்டம் இயற்றியது. கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு இது பெருந்துணையாயிற்று.

உரிமைக் குரல்

வாய்ப்பின் மதிப்பு உயர, அது கிட்டாதவரின் குறையும் ஓங்கி ஒலித்தது. 1999இல் கலிபோர்னியாவின் இங்கில்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவர் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. வசதி மிக்க பள்ளிகளில் இத்தகைய பாடங்கள் பலவாக இருக்க, தங்கள் பள்ளியில் மிகச் சிலவே உள்ளன என்பது அவர்களின் முறையீடு. பாடம் கற்பிக்கப்படாத பள்ளியில் பயில்வோர் எவ்வாறு போட்டியிடுவர்? இவ்வினாவைப் புறந்தள்ள முடியவில்லை. திட்டம் விரிந்து, 2003இல் ஆண்டுதோறும் தேர்வெழுதுவோர் தொகை பத்து இலட்சத்தை எட்டியது.

விரிவு புதிய ஐயங்களையும் கொணர்ந்தது. இத்தேர்வுகளுக்கு இனி அலகு வழங்குவதில்லை என்று டார்ட்மத் கல்லூரி 2013இல் அறிவித்தது. பள்ளிப் பாடம் கல்லூரிப் பாடத்துக்கு ஈடாகாது என்பது அதன் கருத்து. வாஷிங்டன் வட்டாரத் தனியார் பள்ளிகள் சில 2018இல் இப்பாடங்களைக் கைவிடும் முடிவை வெளியிட்டன. தேர்வுக்கான வேகம் ஆழ்ந்த கல்விக்கு இடையூறாகிறது என அவை எண்ணின. வசதி படைத்தோர் இத்திட்டத்திலிருந்து விலகத் தொடங்கியபோதும், வசதியற்றோர்க்கு அது ஓராண்டுக் கட்டணத்தைக்கூடக் குறைக்கும் வழியாகவே இருந்தது.

ஆற்றல் மிக்க சிலரின் காலத்தைக் காக்கப் பிறந்த திட்டம், பலரின் வாய்ப்பைப் பற்றிய வழக்காக மாறியதே இவ்வரலாறு. அலகுகளும் தேர்வுகளும் அதன் புறத்தோற்றங்கள். எட்டாது என்று பிறர் விலக்கிய பாடத்தைத் தம் மாணவர் எட்டுவர் என்று நம்பி, அதற்கான படிகளைக் கீழிருந்தே கட்டிய ஆசிரியரே அதன் உயிர்நாடி. மாணவனின் எல்லையை வகுக்கும் முன்னர், அவனுக்கு எத்தனை படிகள் அமைத்துக் கொடுத்தோம் என எண்ணிப் பார்ப்பது எந்நாட்டு ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.