பாசி போட்ட கட்டு!

பஞ்சைக் காயத்தில் வைத்துக் கட்டினால் உயிரைக் காப்பாற்றும். அதையே நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்தால்... வெடிமருந்து! முதல் உலகப்போரில் வந்த சிக்கலே இதுதான். பஞ்சை பீரங்கிக்குக் கொடுப்பதா, ஆஸ்பத்திரிக்கா?

1914-ல் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழி வெட்டியதெல்லாம், காலங்காலமாக எரு போட்டு உழுத வயல்களில். குண்டோடு சேர்ந்து அந்த மண்ணும் உடம்புக்குள் புகுந்தது. ஆன்டிபயாடிக் கிடையாது. பென்சிலினைக் கண்டுபிடித்ததே 1928-ல்தானே! காயம் அழுகி, கை கால்களை வெட்டவேண்டி வந்தது.

அப்போது எடின்பரோவில் சார்லஸ் கேத்கார்ட் என்கிற சர்ஜனும், தாவரவியல் நிபுணர் ஐசக் பேலி பால்ஃபரும் ஒரு வழி சொன்னார்கள். ஸ்காட்லாந்தின் சதுப்புநிலங்களில் கேட்பாரற்றுக் கிடந்த ஸ்ஃபாக்னம் பாசி! (1880-களிலேயே ஜெர்மன் டாக்டர்கள் பயன்படுத்திப் பார்த்த சமாச்சாரம்தான்.) பெண்களும் பிள்ளைகளும் சேற்றில் இறங்கி அள்ளினார்கள். உலர்த்தி, குப்பை பொறுக்கி, மஸ்லின் பைகளில் அடைத்து அனுப்பினார்கள். 1918-ல் மாதத்துக்குச் சுமார் 10 லட்சம் கட்டுகள்!

பாசியில் அப்படி என்ன விசேஷம்? அதன் இலைகளில் நிறைய செத்துப்போன, வெற்று செல்கள். குட்டிக் குட்டித் தண்ணீர்த்தொட்டிகள் மாதிரி! தன் எடையைப்போல சுமார் 20 மடங்கு ஈரத்தை உறிஞ்சும். செல் சுவரோ அமிலத்தன்மை கொண்டது. பாக்டீரியாக்களுக்கு அது ஆகாது.

போர் முடிந்தது. பாசியை மறந்துவிட்டார்கள். 'புண்ணைக் காத்தாட விடு, காய்ஞ்சாதான் ஆறும்' என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பாரே? டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1962-ல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளிடம் சோதித்துப் பார்த்தார். ஈரம் காயாமல் மூடிவைத்த காயத்தில், புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது! தண்ணீரைத் தன்னுள் பிடித்துவைக்கும் 'ஹைட்ரோஜெல்'லை, 1960-லேயே செக்கோஸ்லோவாகியாவின் ஓட்டோ விக்டெர்லே அறிவித்திருந்தார். காயத்துக்கு ஏற்ற பொருள் கிடைத்துவிட்டது.

அப்புறம் மறுபடி தாவரங்கள் பக்கம் திரும்பினார்கள். பிர்ச் மரக்கூழிலிருந்து, தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய நானோ இழைகளைப் பிரித்தார்கள். ஹெல்சிங்கியில் தீக்காய நோயாளிகளுக்கு, ஒட்டுப்போடத் தோல் எடுத்த இடத்தில் அந்தக் கட்டை ஒட்டினார்கள். புதுத்தோல் வளர்ந்ததும் கட்டு தானாகவே கழன்றுகொண்டது! 2004-ல் புனே தேசிய ரசாயன ஆய்வகத்தினர், வேப்பிலைச் சாற்றைக் கொண்டே வெள்ளியை நானோத் துகளாக்கினார்கள். வெள்ளி, கிருமியைக் கொல்லும். ஆனால், அளவு மீறினால் புதுத்தோல் செல்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஜெல்லுக்குள் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு நேரத்தில் கசியவேண்டும்? ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதில்தான்.

ஈரத்தைப் பிடித்துவை, கிருமியைத் தடு! இந்த இரண்டையும் ஸ்காட்லாந்துச் சேற்றில் ஒரு பாசி, லேபும் இல்லாமல் லைசென்ஸும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது!