பத்து படங்களும் ஒரு தூக்குத் தண்டனையும்

கூரம் என்றதும் கூரத்தாழ்வான் ஞாபகம் வருவார். அவருடைய ஆசாரியன் ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். எங்க பக்கத்துல இந்த ரெண்டு ஊரையும் சேர்த்துப் பேசினா அது குரு-சிஷ்யர் கதையாத்தான் இருக்கும். 1991 மே 21 ராத்திரிக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னொரு அடையாளமும் சேர்ந்துவிட்டது. ராஜீவ் காந்தி கொலையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் எழுத நினைப்பது அதில் சிக்கிய ரெண்டு புகைப்படக்காரர்களைப் பற்றி மட்டும்.

முதலாமவர் ஹரிபாபு. சம்பளக்காரர் இல்லை, கிடைத்த வேலைக்குப் படம் எடுத்துக் கொடுக்கிற இளைஞர். இரண்டாமவர் சுபா சுந்தரம். சென்னையில் 'சுபா நியூஸ் போட்டோ சர்வீஸ்' என்று நிறுவனம் நடத்திய மூத்த பத்திரிகைப் புகைப்படக்காரர். ஹரிபாபு அங்கே போய்வந்து தொழில் பழகியவர்.

டிஜிட்டல் காலத்துக்கு முன்னாடி இந்தத் தொழில் எப்படி நடந்ததுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். கூட்டத்துக்குப் போகணும், பிலிம் ரோலோடு ஓடி வரணும், இருட்டறையில் கழுவணும், பிரிண்ட் போடணும், பின்பக்கம் விவரம் எழுதி பத்திரிகை ஆபீசுக்குக் கொண்டு போகணும். படம் அச்சானால்தான் காசு. அதனால இளைஞர்கள் ஒரு மூத்தவரைச் சுற்றியே இருப்பாங்க. இந்த நெருக்கம்தான் பின்னால் வழக்கில் பெரிய கேள்வியாகிவிட்டது.

அன்றைக்கு இரவு பத்து மணி தாண்டி குண்டு வெடித்தது. ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் ஹரிபாபுவும் ஒருவர். ஆனால் அவருடைய சினான் கேமரா பிழைத்துக்கொண்டது. உள்ளே இருந்த பிலிமில் பத்து படங்கள். ஒன்றில் சந்தன மாலையோடு நிற்கும் தணு. பக்கத்தில் காங்கிரஸ் பெண்மணி ஒருவரும், ராஜீவுக்குக் கவிதை வாசிக்கக் காத்திருந்த அவர் மகளும். ஓரத்தில் வெள்ளை குர்தாவில், கையில் நோட்டுப் புத்தகத்தோடு, நிருபர் மாதிரி ஒரு ஆள். அவர்தான் சிவராசன். கடைசிப் படத்தில் வெடிப்பின் நெருப்பு.

டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு இந்தப் படங்கள்தான் முதல் பிடி. தணுவின் முகமும் சிவராசனின் முகமும் நாடு முழுக்கத் தெரிந்துபோயின. மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 20ஆம் தேதி, பெங்களூர் அருகே கோணனகுண்டேயில் போலீஸ் சுற்றிவளைத்தபோது சிவராசன் உயிரை விட்டார்.

ஹரிபாபு தற்செயலாக அங்கே போனவர் அல்ல என்பது புலனாய்வின் முடிவு. மே 7 அன்று சென்னை நந்தனத்தில் வி.பி.சிங் பேசிய கூட்டத்தில் இதே குழு ஒத்திகை பார்த்தது, அங்கேயும் ஹரிபாபு படம் எடுத்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டுப் பதில் வாங்க ஆள் உயிரோடு இல்லை.

உயிரோடு இருந்தவர் சுபா சுந்தரம். கொலைக்குப் பிறகு தடயங்களை மறைக்கப் பார்த்தார் என்பது அவர்மேல் அரசுத் தரப்பு வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. கவனிங்க, *பிறகு*. ஆனால் கொலைச் சதியிலும் அவரைச் சேர்த்தார்கள். வழக்கில் மொத்தம் 41 பேர். 12 பேர் இறந்துவிட்டார்கள், 3 பேர் கைக்குச் சிக்கவில்லை. விசாரணையைச் சந்தித்தவர்கள் 26 பேர். தடா சட்டத்தின் 15வது பிரிவுப்படி, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே அப்போது சாட்சியம் ஆனது. சாதாரணக் குற்ற வழக்கில் இது செல்லாது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்ற நீதிபதி நவநீதம் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பளித்தார். ஒருத்தர் பாக்கியில்லை.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.டி.தாமஸ், வாத்வா, காத்ரி அமர்வு இதைப் பிரித்துப் பார்த்தது. நால்வருக்குத் தூக்கு உறுதி, மூவருக்கு ஆயுள். மற்ற 19 பேரும் கொலைச் சதியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். சுபா சுந்தரம் அவர்களில் ஒருவர். 19 பேரில் சிலர்மேல் அடைக்கலம் கொடுத்தது போன்ற சிறிய குற்றங்கள் மட்டும் நின்றன. நீதிபதி வாத்வா வகுத்த விதி எளிமையானது: சதியின் நோக்கம் நிறைவேறிய பிறகு ஒருத்தர் செய்த காரியம் சட்டவிரோதமாக இருந்தாலும், அதனாலேயே அவர் சதிகாரர் ஆகிவிட மாட்டார்.

எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது இதுதான். யார் எங்கே நின்றார் என்பதைப் புகைப்படம் சொல்லும். யாருக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லாது. அந்த இடைவெளியைத் தடா நீதிமன்றம் பெரும்பாலும் வாக்குமூலங்களால் நிரப்பியது. அவற்றை எவ்வளவு நம்பலாம்? பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013இல் ஒரு விஷயம் சொன்னார். வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் சேர்க்காமல் விட்டதாக. விடுபட்டது ஒரே ஒரு வரி. பேரறிவாளன் வெளியே வந்தது 2022இல்.

சுபா சுந்தரத்தின் மேல் இருந்த தூக்குத் தண்டனை 15 மாதம் நீடித்தது. '26 பேருக்கும் தூக்கு' என்ற செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கு. 19 பேர் விடுபட்டதை ஞாபகம் வச்சிருக்கிறவங்க கம்மி. "அந்த போட்டோகிராபரும் உடந்தைதானே" என்று யாராவது சொன்னா, எந்த வருஷத்துத் தீர்ப்பைச் சொல்றீங்கன்னு கேளுங்க.