காணாமலே கணித்தவர்கள்: இப்னு நபீஸ் முதல் எம்ஆர்ஐ வரை



சதையிப் புற்றுநோய் (கணையப் புற்றுநோய் என்றும் சொல்வோம்) பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவருகிறது. அந்தக் கட்டிக்குள் குருதிக் குழாய்கள் குறைவு; அதனால் மருந்தும் உள்ளே போய்ச் சேருவது கஷ்டம். வெட்டிப் பார்க்காமல் அந்தக் குழாய்களின் அளவை எப்படி அறிவது? இந்தத் தேடலின் வேர் நம் முன்னோரிடமும் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னு நபீஸ், இதயத்தின் நடுச்சுவரில் உள்ள துளைகளால் குருதி கடக்கிறது என்ற கேலனின் கருத்தை மறுத்தார். குருதி நுரையீரல் வழியாகவே மறுபக்கம் போகிறது, அங்கே நாடிக்கும் நாளத்துக்கும் இடையில் நுண்ணிய வழிகள் உண்டு என்றார். அன்று நுணுக்குக்காட்டி இல்லை. 1661இல்தான் இத்தாலியின் மல்பீகி, தவளையின் நுரையீரலில் மயிர்த்துளைக்குழாய்களைக் கண்ணால் கண்டார்.

1986இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் டெனிஸ் லெ பியான், எம்ஆர்ஐ மூலம் அதே குழாய்களை மறைமுகமாக அளக்க வழி சொன்னார். இழையத்திலுள்ள நீர் மெதுவாகப் பரவும். மயிர்த்துளைக்குழாயில் ஓடும் குருதியின் நீர் வேகமாக இடம்மாறும். கல்முனைச் சந்தையடியில் படம் எடுத்தால் நிற்பவர்கள் தெளிவாகவும் ஓடும் மோட்டார்சைக்கிள்கள் மங்கலாகவும் விழுமல்லவா? அதுபோல, வேகமாக நகரும் நீரின் சமிக்ஞை முதலில் மங்கிவிடும். மங்கிய பங்கைக் கணக்கிட்டால் குருதியின் பங்கு தெரியும்.

2009இல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க் ஆய்வாளர்கள், சதையிப் புற்றுக்கட்டியில் இந்தப் பங்கு நல்ல சதையியை விடக் குறைவு என்று காட்டினார்கள். பின்னர், வெட்டியெடுத்த கட்டிகளில் நுணுக்குக்காட்டியால் குழாய்களை எண்ணி, ஸ்கேன் கணக்கோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். இரண்டும் பொருந்தின.

இதற்குச் சாய ஊசி தேவையில்லை. சிறுநீரகம் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சில சாய ஊசிகள் ஆபத்து என்பதால் இது சிறிய விஷயமல்ல. ஆனாலும் மூச்சு அசைவால் கணக்குப் பிசகலாம். பயாப்சிக்கு இது மாற்றாகாது.

கருவி எங்கிருந்தாலும் நேரம் நம் கையில்தான். காரணமில்லாமல் உடல் மெலிதல், மஞ்சள் காமாலை, வயது போன பிறகு திடீரென வரும் சீனி வருத்தம், இவற்றை வீட்டு மருந்தோடு விட்டுவிடாமல் உடனே வைத்தியரிடம் காட்டுவோம். அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.